வரிசை தப்பிய ஆறாவது துளை

என் வீட்டுக்காரருக்கு வலது கை மோதிர விரலின் மேல் கணு போனது ஓர் ஆடி மாதத்தில். மில்லில் பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரத்தில் அவருக்கு வேலை. புண் ஆவணி முடிவதற்குள் ஆறிவிட்டது. அவரை ஸ்டோருக்கு மாற்றி, சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ஒரு கணுவோட போச்சே, சாமிய கும்பிட்டுக்கங்க" என்றார்கள். அது சரிதான். ஆனால் அவர் புல்லாங்குழல் வாசிக்கிறவர்.

கச்சேரி வித்வான் இல்லை. சிம்மக்கல் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பஜனைக் குழுவில் பல வருஷமாகக் குழல் அவருடையது. மார்கழி முழுக்க விடியலில் தெருத்தெருவாகப் போவார்கள். விரல் போன பிறகு குழலை ஒரு பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசி வாக்கில் "சோறு", "தண்ணி", "கதவைச் சாத்து" என்ற அளவில் வந்து நின்றது.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். அன்றன்று நடந்ததை டைரியில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஐப்பசிப் பக்கங்களை இப்போது புரட்டினால் மழை, துணி, மின்வெட்டு என்றுதான் இருக்கிறது. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது.

தீபாவளி கழிந்து பஜனைக் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர், பாட்டும் அவர்தான். வாசலிலேயே நின்றுகொண்டு என்னிடம் பேசினார்.

"மதினி, அண்ணே என்ன சொல்றாரு?"

"எதைப் பத்தி?"

"அதான், மார்கழி. என் மச்சினன் கிளாரினெட் வாசிப்பான். வாரேங்கிறான். கார்த்திகை கடைசி வெள்ளி ஒத்திகை வச்சிருக்கு. அதுக்குள்ள அண்ணே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லாருக்கும். அவரு உக்காந்த எடத்துல நானா எப்படி இன்னொருத்தன உக்கார வைக்க?"

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "உக்கார வையி. அந்த எடத்துக்கு நான் பட்டாவா வாங்கி வச்சிருக்கேன்?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரிடம், "அந்த ஒத்திகை வெள்ளி வரைக்கும் யாரையும் உக்கார வைக்காதீங்க" என்று மெல்லச் சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் பீரோவைத் திறந்து குழலை எடுத்தேன்.

"இப்ப எதுக்கு அது?"

"விரல் எம்புட்டுக் கொறையுதுன்னு பாக்கணும்."

"உனக்கு எல்லாமே ரவிக்கைதானா?"

"ரவிக்கைன்னா அம்புட்டு எளப்பமா? அது தச்ச கையிலதான் காபி வாங்கிக் குடிக்கிறீங்க. கையைக் காட்டுங்க."

குழல் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். ஊதும் துளையை விட்டுவிட்டு எண்ணினால் ஆறாவது துளை வலது கை மோதிர விரலுக்கு உரியது. மேலே ஐந்தையும் மூடி அதைத் திறந்தால் பஞ்சமம் வரும். அதை மூடினால்தான் அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்கள் வரும். அரைகுறையாக மூடினால் வெறும் காற்று. சுருதிப்பெட்டி விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே சட்ஜமமும் பஞ்சமமும்தான். மற்ற ஸ்வரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பஜனைக் கூட்டத்தில் கரைந்துபோகும். பஞ்சமம் பிசகினால் தெருவில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

இவருடைய மொட்டை விரல் அந்தத் துளையை எட்டவில்லை. எட்ட வைக்கக் கையைச் சாய்த்தால் மற்ற விரல்கள் நழுவின. ஆக, விரல் போகாத இடத்துக்கு விரலை இழுக்காமல், விரல் இருக்கிற இடத்துக்குத் துளையைக் கொண்டுவர வேண்டும். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. அவருடைய விரல் நுனியில் துணியில் கோடு போடும் சாக்பீஸைத் தேய்த்து, குழலை மேஜையில் வைத்து, பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். மூங்கிலில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. துளையைவிட அவர் பக்கமாகவும், வாய்ப்பக்கம் கொஞ்சம் மேலேயும் இருந்தது.

மறுநாள் புதுமண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குழல் செய்யும் பாயின் கடைக்குப் போனோம். திருவிழாவில் விற்கும் ஊதல், பீப்பி எல்லாம் அவர் செய்வார். வாசிக்கிறவர்களுக்குச் சுருதி பார்த்து நல்ல குழலும் செய்வார். என்னைத் தங்கச்சி என்பார். அந்த உறவில் இவர் அவருக்கு மாப்பிள்ளை.

பாய் விரலைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார். "தங்கச்சி, துளை வாய்ப்பக்கம் ஏறினா சுருதியும் ஏறும். ஏறாம இருக்க சின்னதாப் போடணும். சின்னதாப் போட்டா சத்தம் சவலையாப் போகும். பரவாயில்லையா?"

"போட்டுப் பாருங்க பாய்."

பழுக்கக் காய்ந்த கம்பியால் புதுக்குழல் ஒன்றில் அந்த இடத்தில் சுட்டார். உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, நாலு கட்டைச் சுருதியோடு சேர்த்தார். பஞ்சமம் சரியாகத்தான் நின்றது. ஆனால் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவதுபோல் மூக்கடைத்து வந்தது. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வேகமாக வாசிக்கும்போது விரல் அந்தத் துளையில் விழவே இல்லை. பக்கத்தில் எங்கோ விழுந்து காற்று சீறியது.

"மாப்ள, குழல் வாசிக்கிறீங்களா, குக்கர் வைக்கிறீங்களா?" என்றார் பாய். அவர் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். இவர் குழலைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது மட்டும், "இதோட விட்டுரு" என்றார்.

நான் விட்டுவிட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாளைப்போல அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முகூர்த்த மாதம், துணி குவிந்து கிடந்தது. அப்போது காளவாசலிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். தம்பி கல்யாணத்துக்கு வேறு யாரிடமோ தைத்த பிளவுஸ், கொக்கி மாட்ட முடியவில்லை.

"அளவெடுத்துத்தான் தச்சாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சிருப்பீங்க."

"எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?"

எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டேப்பைக் கண்டதும் ஆள் மாறிவிடும். வயிறு உள்ளே போகும், தோள் நிமிரும். அதனால் நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவர்கள் டேப்பை மறந்த நேரத்தில்தான் அளவெடுப்பேன். அதை அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுரீர் என்றது. இவருடைய கையை மேஜையில் வைத்து அளவெடுத்தேன். வாசிக்காத கை அது. குவிந்து, மேலே ஏறி, சும்மா இருந்த கை.

அன்று சாயங்காலம் அவரிடம், "வாசிக்கும்போது அளவெடுக்கணும்" என்றேன்.

"துளையே சரியில்லாம எப்படி வாசிக்க?"

"ஆறாவது துளையே இல்லாம வாசிக்க முடியுமா?"

ஏதோ கேலியாகச் சொல்லப்போனவர் நிறுத்திக்கொண்டார்.

"ஹிந்தோளம்னா வாசிக்கலாம். அதுல பஞ்சமம் கெடையாது."

அந்த நாலு மாதத்தில் குத்தல் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் கடைக்குப் போனபோது பாய் மற்ற துளைகளைப் போட்டு, ஆறாவதை மட்டும் சுடாமல் ஒரு குழல் தந்தார். "பல்லு ஒண்ணு விழுந்த மாதிரி இருக்கு" என்றார். கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்து இவர் வாசிக்க ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி வந்தது. நான் விரலில் சாக்பீஸைத் தடவிவிட்டு, அவரைப் பார்க்காமல் பாயிடம் மூங்கில் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாள் காயவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் மும்முரமாகப் பதில் சொன்னார். நடுவில் குழல் தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். மத்யமத்துக்கு இறங்கும்போதெல்லாம் மொட்டை விரல் தானாக மூங்கிலில் போய் உட்கார்ந்தது.

வாசித்து முடித்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் அழுத்தமாக விழுந்திருந்தது. நான் டேப்பை வைத்தேன். வாய்த்துளையிலிருந்து பார்த்தால், பழைய குழலில் ஆறாவது துளை இருந்த அதே தூரம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வரிசையை விட்டு அவர் பக்கமாக மட்டும், ஓர் உளுந்து அகலம் சரிந்திருந்தது.

"தூரம் மாறலைன்னா சுருதி மாறாதுல்ல பாய்?"

"மாறாது. சத்தமும் குறையாது." பாய் தாடியைத் தடவினார். "ஆனா வரிசை தப்புதே தங்கச்சி."

குழல் வாங்க வருகிறவர்கள் முதலில் ஊதிப் பார்க்க மாட்டார்கள். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளைகள் நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு துளை விலகியிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுவார்கள். பாய் கடையில் அப்படி ஒரு குழல் இதுவரை தொங்கியதில்லை.

"யாராச்சும் கேட்டா, பாய்க்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்லுவாங்க."

"ஒரு தோள் இறங்கின பொம்பளைக்கு நான் ஒரு பக்கம் இறக்கித்தான் வெட்டுறேன். கொடியில தொங்கும்போது கோணலாத்தான் தெரியும். போட்டுப் பாத்தா யாரும் கோணல்னு சொல்றதில்ல."

பாய் இவரைப் பார்த்தார். இவர் குழலை மடியில் வைத்து, துளை இல்லாத அந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். பாய் எழுந்து கம்பியை அடுப்பில் போட்டார்.

"மாப்ளைக்காகச் சுடுறேன். யாராச்சும் கேட்டா என் பேரையே சொல்லுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

துளையைச் சிறியதாகச் சுட்டு, அரத்தால் ராவி, ஊதச் சொல்லி, மறுபடி ராவினார். துளை பெரிதாகப் பெரிதாகச் சுருதி ஏறும். ஏறிவிட்டால் மெழுகு வைத்துத்தான் இறக்கவேண்டும். நாங்கள் துணியில் உள்ளே கொஞ்சம் விட்டுத் தைப்பதுபோலத்தான், அவரும் கடைசிவரை கொஞ்சம் மிச்சம் வைத்தே ராவினார். சுருதிப்பெட்டியின் சத்தத்துக்குள் பஞ்சமம் போய் ஒட்டிக்கொண்டது. பெட்டி எது, குழல் எது என்று பிரிக்க முடியவில்லை. "மாஷா அல்லா" என்று சொல்லி அரத்தைக் கீழே வைத்தார் பாய்.

கார்த்திகை கடைசி வெள்ளி, கோயில் மண்டபத்தில் ஒத்திகை. நான் தூணோரம் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தலைவரின் மச்சினன் கிளாரினெட்டோடு வந்திருந்தார். பஞ்சாயத்து ஏதும் வேண்டாம் என்று தலைவர் இரண்டு பேருக்கும் ஜமுக்காளம் விரித்திருந்தார். யார் எந்தப் பாட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்தார்கள்.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். துரிதமான இடங்களில் இரண்டு தடவை காற்று சீறியது. விரல் இன்னும் பழகவேண்டும். ஆனால் மங்களத்துக்கு முந்தைய பாட்டில் தலைவர் பஞ்சமத்தில் நின்று நீட்டியபோது, குழலும் கூடவே போய் அவர் மூச்சு தீரும்வரை நின்றது. தலைவர் பாடிக்கொண்டே இவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

முடிந்ததும் வாசலில் டீக்கடையில் நின்றார்கள். தலைவர், "அண்ணே, மார்கழி ஒண்ணாந்தேதி விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சிருவீங்கள்ல?" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. இவர் கிளாரினெட்காரரிடம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க ஒரு நூல் தூக்கலா வாசிக்கிறீங்க."

"நானா? நீங்கதான் எறங்கி இருக்கீங்க."

"பெட்டியோட கேட்டீங்களா? என் பஞ்சமம் பெட்டியோட நிக்குது."

"நாலு மாசம் சும்மா இருந்துட்டு வந்து என்னையச் சொல்றீங்களே?"

"உங்களுதுல மேல்துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தா சுருதி எறங்கும். என் மூங்கில் நீளுமா? நீங்க எறங்கி வாங்க."

"ஏன், நீங்க ஏறி வாங்களேன்."

தலைவர் டீ கிளாஸோடு நடுவில் நின்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போகலாம் என்று ஜாடை காட்டினேன். இவர் கவனிக்கவே இல்லை. சுருதிப்பெட்டியை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.