காலி இலை

தருமபுரி போகும் சாலையில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன்; அதுதான் முதல் முறை. கிளம்பும் முன் முதியோர் இல்லத்து வாசலுக்குத் தாத்தா வருவார் என்று நின்று பார்த்தேன். வரவில்லை.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, தனக்கு யாருமே இல்லை என்று சொல்லித் தாத்தா அந்த இல்லத்தில் சேர்ந்திருந்தார். யாரும் இல்லாதவருக்குத்தான் கட்டில், முதியோர் பென்சன் எல்லாம். மற்ற நாளில் தண்ணீர்ச் சாம்பார்; யாராவது இறந்த பெற்றோர் நினைவாகச் சாப்பாடு போட்டால் வடை, பாயசம். அன்று மட்டும் பின்வாசல் வழியாக நானும் போவேன்.

"தள்ளி உக்காரு. என்னைக் கூப்பிடாத" என்பார் தாத்தா. காரணம் சொன்னதில்லை.

நான் கிளம்பிய அன்று அவருக்குப் பக்கத்தில், போன வாரம் இறந்தவரின் இடத்திலும் பழக்கத்தில் இலை போட்டுவிட்டார்கள். சாப்பாடு போட வந்த ஓர் அம்மா, "எங்கப்பா நினைவு நாளுங்க, இலை காலியா இருக்கக்கூடாது" என்று என்னைப் பிடித்து அங்கே உட்கார வைத்தார். பிறகு போனில் எங்களைப் படம் எடுத்த அந்த அம்மா சிரித்தார்.

"ரெண்டு பேரும் வடையை ஒரே மாதிரி இலை ஓரத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க பாருங்க. பேரனா பெரியவரே?"

சாம்பார் வாளியோடு நின்ற மேனேஜர் திரும்பினார். "யாரும் இல்லைன்னுதான சேர்ந்தீங்க?"

தாத்தாவின் விரல்களிலிருந்து சோறு உதிர்ந்தது. "யார் வூட்டுப் புள்ளையோ! வடை வாசத்துக்கு வந்து உக்காந்துக்கிச்சு. வெளிய போடா!"

எதிர் வரிசை ஆத்தா, "பேரனா இருந்தா இந்நேரம் அவரு வடையும் போயிருக்குமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தபடி நகர்ந்தார்.

நான் எழுந்தேன். தாத்தா என்னை நேராகத்தான் பார்த்தார். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்குக் கை நடுக்கத்தில் தொடங்கி, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனது. தாத்தாவுக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று நடக்க நடக்க உறுதியாயிற்று. பயத்தில் அழுகைகூட வரவில்லை. வைத்தியத்துக்குக் காசு வேண்டும்.

மறுநாள் காலை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓட்டலில் தட்டு கழுவச் சேர்ந்தேன். "மூளை டாக்டர் எங்கங்க இருப்பாரு?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எச்சில் தட்டுகளைக் காட்டினார்.