கீழே விழாத என் சாட்சி

விசுவாசக் குடும்பத்தாரே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். கூடவே சிலருடைய வண்டவாளத்தையும் சொல்லாமல் விட முடியாது. அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். போன வருஷம் பள்ளி திறந்த வாரம் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, தலைசுற்றல் போகவில்லை. போர்டில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் வகுப்பே ஒரு பக்கமாகச் சாயும். மாதக்கணக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

"அரையாண்டு வரைக்கும் பார்க்கலாம் டீச்சர். அப்பவும் நிக்க முடியலைன்னா நீங்களே ஒரு முடிவு எடுத்துக்குங்க" என்றார் தலைமையாசிரியை. வேலையை விட்டுப் போ என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. வகுப்பைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, என்னை நிற்க மட்டும் வையும்" என்று ஜெபித்தேன்.

அந்த வாரம் எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் கண்ணை மூடி எழுந்து நின்றவள் தடாலென்று விழுந்தேன். யாராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார்களா? கை தட்டினார்கள்! கூட்டம் நடத்தும் ஸ்டெல்லா அக்கா, "அபிஷேகம் இறங்கிடுச்சு! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார். பரிசுத்த ஆவி இறங்கினால் ஆள் விழும் என்பது அவர்கள் கணக்கு. நெற்றி புடைத்து, வாந்தியை அடக்கிக்கொண்டு கிடந்தேன். சுற்றிலும் அல்லேலூயா. "உங்களுக்குத்தான் சிஸ்டர் பெரிய கிருபை" என்று பொறாமை வேறு. அந்தக் கிருபையை அவர்களுக்கே தாரை வார்த்திருப்பேன்.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். காய்ச்சலில் உள்காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். "மாத்திரையைவிட எக்சர்சைஸ்தாம்மா உங்களுக்கு முக்கியம். டெய்லி பண்ணணும்" என்று பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதிலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஒரே கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். எனக்கே இளக்காரமாக இருந்தது. உபவாசம் இருந்து ஜெபித்ததற்குப் பதில் இந்தக் கட்டைவிரலா?

ஆரம்பத்தில் சுற்றல் கூடத்தான் செய்தது. அப்படித்தான் இருக்கும், விடாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலை ஜெபம் முடிந்ததும் மொட்டை மாடியில் சுவரோரமாகப் பயிற்சி. நான் தலையாட்டுவதைப் பார்த்த ஸ்டெல்லா அக்கா, எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தெருவெல்லாம் பரப்பினார். விழுந்தால் அபிஷேகம், ஆட்டினால் பேய். என்ன ஞானம்!

அரையாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன் ஒரு நாள் போர்டிலிருந்து திரும்பினேன். வகுப்பு அசையவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

புதுவருஷக் கூட்டத்துக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து பிரசங்கம் செய்ய ஓர் ஊழியக்காரர் வந்தார். வரிசையாக நெற்றியில் கை வைத்தார். வரிசையாக விழுந்தார்கள். ஸ்டெல்லா அக்கா புடவை கசங்காமல் இடம் பார்த்து விழுந்தார். ஊழியக்காரர் என்னிடம் வந்தார். கண்ணை மூடி நின்றேன். அழுத்தினார். நின்றேன். தள்ளினார் என்றே சொல்வேன். பாதத்தை ஊன்றி நின்றேன்.

"விசுவாசம் பத்தலை சிஸ்டர்" என்றார்.

"ஆண்டவர்கிட்ட நிக்க வைங்கன்னுதான் ஐயா கேட்டேன். நிக்க வெச்சுட்டாரு."

இன்றும் காலையில் முழங்கால் ஜெபம், பிறகு கட்டைவிரல். இரண்டையும் விடுவதில்லை. தலைசுற்றலோடு ஜெபிக்கிறவர்களே, அவரை நம்புங்கள், டாக்டரிடம் போங்கள், சொன்ன பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். நீங்கள் விழும்போது கை தட்டுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். என்னை நிற்க வைத்தவருக்கே எல்லாத் துதியும்.