எண்ணெய் குடித்த ரப்பர்

செங்கல் நிறத்தில் இருக்கும் அந்த ரப்பர். இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டை முடிகிற இடத்தில், வெடிக்கும்போது தோளில் உதைக்காமல் இருக்கப் பொருத்தியது. அதன்மேல் பொடி எழுத்துகள் புடைத்து நிற்கும். இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலால் தடவிப் பார்த்ததோடு சரி.

துப்பாக்கி என் அய்யாவுடையது. கொற்கையில் எங்கள் வாழைக்குப் பன்றி வரும். அய்யா பனையிலிருந்து விழுந்து தோளில் காறை எலும்பு முறிந்து தேறியபின், முதல் வெடியின் உதையிலேயே அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுவாரம் தூத்துக்குடிக்கு என்னையும் கூட்டிப்போய், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கட்டையை ஒரு விரற்கடை அறுக்கச் சொல்லி அந்த ரப்பரை வைத்தார். மரத்தூள் என் பாவாடையில் விழுந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. அவருக்குப்பின் உரிமம் என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது; அய்யா பெயர் இருந்த பழைய தாளை ஆபீசிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒரு நாளும் சுட்டதில்லை. நான்தான் வெள்ளிதோறும் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு துப்பாக்கியையும் துடைத்து, கட்டைக்கும் ரப்பருக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்து வைப்பேன்.

வீட்டுக்காரர் போனபின் கொழுந்தன் கேட்டான், கொடுத்தேன். எனக்கு எதற்குத் துப்பாக்கி? ஆனால் அவன் அதைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், “எங்க தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் குடுத்தது. ரப்பர் மொதக்கொண்டு சீமைச் சாமான்” என்று சொல்லத் தொடங்கினான். என் அய்யா பெயரே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மதுரையிலிருந்து பழைய துப்பாக்கிகளின் காலம் கணிப்பவர் ஒருவரை அவன் வரவழைத்தபோது நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“குழல் உங்க தாத்தா காலத்ததாத்தான் இருக்கு. ரப்பர்தான் பேசணும். கம்பெனிப் பேரும் நம்பரும் அச்சா இருக்கும், அந்த நம்பர் எந்த வருஷம் வந்துச்சோ அதுக்கு முந்தி இது பிறந்திருக்க முடியாதுன்னு சொல்லிடலாம்” என்றார் அவர். நான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன். தாத்தா செத்தபின் பிறந்த ரப்பர் என்று தெரிந்தால் போதும், கேப்டன் கதை கவிழ்ந்துவிடும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் தொட்டார். நகம் உள்ளே போயிற்று.

“என்னம்மா, அல்வா மாதிரி இளகியிருக்கு? எண்ணெய் போட்டீங்களா?”

“வாரந்தவறாமப் போட்டேன்யா” என்றேன், பெருமையாகவே.

“எண்ணெய்தாம்மா ரப்பரைக் கெடுக்கும். எழுத்தெல்லாம் ஊறி அழிஞ்சுபோச்சே.”

கொழுந்தன் சிரித்தான். “பணியாரச் சட்டிக்குத் தேய்க்க மாதிரி தேச்சிருக்கீகளே மைனி! வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அழிச்சிருப்பீகளா?”

“வாசிக்கத் தெரியாதுதான்யா. அந்தக் கட்டைய அறுத்த தூளு எம் மடியிலதான் விழுந்துச்சு.”

“அதுக்கு யாரு சாட்சி?”

வந்தவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ‘ரப்பரின் காலம் தெரியவில்லை.’ எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன்.

கொழுந்தன் தாத்தாவின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பெட்டிக்கு மேல் அடித்துவிட்டான். உப்புக்காற்றில் அது பச்சை பிடித்துவிட்டது. போன மாதம் அங்கே ஒரு விசேஷம். அவன் பெண்டாட்டி சாம்பலும் புளியுமாக வந்து, “அக்கா, உங்க கைபட்டாப் பளபளன்னு ஆயிரும். இந்தத் தகட்டக் கொஞ்சம் துலக்கித் தாங்க” என்றாள்.

“போதும் ளா, நான் துலக்குனது” என்றேன்.