சட்டைப் பையில் செவ்வாய்

தயாளனுக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் கேட்டால் வானத்தைக் காட்டுவான். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். ஆறு பெண் வீடுகள் கைவிரித்த பிறகு, தன் குடியைக் கெடுத்த கிரகத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்வது என்று கிளம்பினான். ஜுரு ஊரில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளை அளந்து பார்ப்பவனுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. கடைசியில், செவ்வாயிலிருந்து பூமியில் வந்து விழுந்த விண்கல் ஒன்றின் பச்சைப்பயறு அளவுத் துணுக்கைச் சான்றிதழோடு இணையத்தில் வாங்கி, சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தோஷம் உள்ளவன் எவனும் அந்தக் கிரகத்தையே காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. அந்தப் பெருமை தயாளனையே சேரும்.

ஏழாவதாக, ஜார்ஜ் டவுனில் பிரமிளாவின் இடம் வந்தது. அவர்கள் ஜாதகமே கேட்கவில்லை. இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. "இன்னிக்கு மட்டும் கல்லை வெளிய எடுக்காத லா, தம்பி," என்று காரிலேயே சொல்லிவைத்தாள் அக்கா மோகனா.

பிரமிளா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் பேசட்டும் என்று பெரியவர்கள் உள்ளே போனதும் தயாளன் டப்பாவைத் திறந்தான். செவ்வாயில் பெரிய விண்பாறை ஒன்று மோதிய வேகத்தில் பாறை உருகிக் கண்ணாடியான இடங்களில் அந்த ஊர்க் காற்று சிக்கிக்கொண்டதையும், விண்கலம் அங்கே போய் அளந்த காற்றோடு அது ஒத்துப்போனதையும், சில கற்களின் வெடிப்பில் இருக்கும் களிமண் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்ததைக் காட்டுவதையும் விளக்கினான். தேநீரில் ஆடை கட்டியது.

பிரமிளா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செவ்வாய்ல தண்ணி இருந்தது வரைக்கும் சொல்லிட்டீங்க. நான் எங்க வேலை செய்யுறேன்னு தெரியுமா?" என்றாள்.

தெரியவில்லை. தரகர் சொல்லியிருப்பார், இவன் காதில் வாங்கியிருக்க மாட்டான். பழைய ஆறு வீடுகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அப்போது கல் இல்லாததால் திருகாணிகளைப் பற்றிப் பேசியிருந்தான். பாவம், செவ்வாய். அவனுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"தெரியாதுங்க. தப்புதான்," என்று டப்பாவை மூடினான்.

கெப்பாலா பத்தாஸில் வயல் மண்ணைப் பரிசோதிக்கும் வேலை என்றாள். செவ்வாய் மண் என்று கிளம்பிய நாக்கைக் கடித்துக்கொண்டு, "மண்ணுல என்ன பார்ப்பீங்க?" என்றான் தயாளன்.

வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். பிரமிளா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.