கரடிக்குத் திறக்காத தாழ்ப்பாள்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்றால் ஊர் சுற்றுகிறவள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சுற்றியதெல்லாம் ஊரின் ஒரு மூலையை. தபால் நிலையம், ரொட்டிக்கடை, தண்ணீர்த் தொட்டி, புதுக் குடியிருப்பு, பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் அதையே தலைகீழாக. அந்தப் பாதையில் நான்காவது கியருக்கு வேலையே கிடையாது. கியர்க் கம்பியின் தலையில் ஒன்றும் இரண்டும் தேய்ந்து மறைந்திருந்தன. நான்கு மட்டும் வண்டி வாங்கிய அன்று போலப் பளிச்சென்று இருந்தது.

பிள்ளைகள் அவளை பஸ்ஸம்மா என்றார்கள். பிறகு பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கூப்பிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரரும் தொற்றிக்கொண்டார். கடைசியில் அவள் பெற்ற மகளே வம்புக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

பள்ளி வராந்தாவில் ஒரு தேசியப் பூங்காவின் படம் மாட்டியிருந்தது. மலை, காடு, காட்டுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை. ஒரு பகல் முழுக்க ஓட்டினால் போய்விடலாம். ஆசிரியைகள் மலையைப் பார்த்தார்கள். பஸ்ஸம்மா சாலையைப் பார்த்தாள். அது ஒரு வளைவில் திரும்பி மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த வளைவை நான்கிலேயே எடுக்கலாமா, மூன்றுக்கு இறங்க வேண்டுமா என்று அவள் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தாள்.

குறுக்கே நின்றது அவள் புருஷனுடைய தொழில்.

அவர் பூட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய கடை; உள்ளே அவர் நின்றால் வந்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். அவர்கள் கல்யாணமே ஒரு பூட்டால் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சாவியை உள்ளே விட்டுப் பேருந்துக் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, ஒரு ஒல்லி ஆள் வந்தார். வளைந்த கம்பி ஒன்றை ஜன்னல் ரப்பருக்குள் விட்டு, கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்தார். கதவு திறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த மாதமும் அவள் சாவியை உள்ளே விட்டுச் சாத்தினாள். இந்தத் தடவை அது மறதி இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஊரார் பூட்டையெல்லாம் ஊதித் தள்ளுகிற மனிதருக்குச் சொந்த வீட்டுப் பூட்டின் மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? கல்யாணமான நாளிலிருந்து வீட்டைப் பூட்டிவிட்டு அவர் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

“என்னால முடியுதுன்னா இன்னொருத்தனால முடியாதா?” என்பார்.

“திருடறதுக்கு நம்ம வீட்ல என்னங்க இருக்கு?”

“அது அவனுக்குத் தெரியாதே. திறந்து பாத்துட்டுத்தானே ஏமாறுவான்? பூட்டுக்காரன் வீட்டுக் கதவு திறந்துச்சுன்னா அப்புறம் நான் கடையைத் திறக்க முடியுமா?”

பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய அக்கா ஒரு தடவை வாயைத் திறந்தார். “நான் வந்து படுத்துக்கறேன்டா, நீங்க போய்ட்டு வாங்க.”

“நீயாக்கா? உன்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனாலும், எழுந்து காபி எங்கன்னுதான் கேப்ப.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தக் கோடை விடுமுறைக்கு முன்னால் மகள் ஒரு யோசனை சொன்னாள். நகர நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலைக்கு அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். “அம்மா, போலாம் போலாம்னு அவரை நச்சரிக்காத. வாயே திறக்காத. அவரா கேக்கணும்.”

“அவரா? நடக்கற காரியமா?”

“நீ சும்மா இரு, பஸ்ஸம்மா.”

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்ட பிறகு பூட்டுக்காரர் மேஜையில் காகிதம் விரித்து, அன்று மிஞ்சிய சாவிகளை அரத்தால் ராவுவார். கை வேலையில் இருப்பதால் அவரால் படிக்க முடியாது. யாராவது வாசிப்பார்கள், அவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரத்துக்கு ஓய்வு, சினிமா. மகள் அந்த வழக்கத்துக்குள் பூங்காவை நைசாகக் கொண்டுவந்து வைத்தாள்.

முதலில், பூங்காவில் தனியாகக் குடிசை போட்டுக் கழுகுக் கூடுகளைப் பார்த்துத் திரிந்த ஒரு பெண்மணி எழுதிய புத்தகம். கழுகுக் குஞ்சு முதல்முறை சிறகு விரிக்கும் இடத்தை மகள் உருகி உருகி வாசித்தாள். அரத்தின் சத்தம் நின்றது. தாயும் மகளும் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

“அந்தம்மா மலை ஏறினப்போ குடிசையைப் பூட்டிட்டுப் போனாங்களா?” என்றார் பூட்டுக்காரர்.

அடுத்து ஒரு துப்பறியும் நாவல். வனத்துறை விடுதியில் கொலை. இரண்டாவது அத்தியாயத்திலேயே அவர், “சமையல்காரன். வெளியிலேர்ந்து அந்தப் பூட்டை வேற யாரும் போட முடியாது” என்று சொல்லிவிட்டார். மீதிப் புத்தகம் முழுக்கத் துப்பறிவாளர் மேல் அவருக்குக் கோபம்.

அடுத்தது பூங்காவுக்குள் சாலை போட்ட ஒரு மேஸ்திரியின் வாழ்க்கைக் கதை. ஜல்லி, மழை, மறுபடி ஜல்லி. நான்காவது பக்கத்தில் பூட்டுக்காரர் தூங்கிவிட்டார். மகள் அந்தப் புத்தகத்தின் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த படப் புத்தகம்தான் முதல் ஓட்டையைப் போட்டது. பூங்காவின் கரடிகள் நிறுத்தியிருக்கும் கார்களைத் திறந்து உணவை எடுத்துக்கொள்கின்றன என்று அதில் இருந்தது. புகைப்படமும் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கரடி, மடியில் ரொட்டிப் பை.

“மறுபடி வாசி. கைப்பிடியை இழுக்குதா, தள்ளுதா?”

“இழுக்குதாம்ப்பா.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“அதுவே கத்துக்கிச்சாம். குட்டிக்கும் கத்துக் குடுக்குதாம்.”

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். “நான் எங்க முதலாளிக்கு மூணு வருஷம் டீ வாங்கிக் குடுத்துக் கத்துக்கிட்டது இது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சினிமா. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, ஒரே காரில் அந்தப் பூங்காவுக்குப் போகிறார்கள். வழியெல்லாம் சண்டை. கடைசியில் சாலையோரம் ஓர் அருவி. அண்ணன் காரை நிறுத்தி இறங்கி, ஒன்றும் சொல்லாமல் தம்பி தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறான். தம்பி சிரிக்கிறான். அவ்வளவுதான் படம்.

பூட்டுக்காரர் அருவியை மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். “என்ன தண்ணி, என்ன தண்ணி” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “இது அங்கதான இருக்கு? போலாமே. ஒரு தடவை அதுக்கு அடியில நின்னுட்டு வந்துடணும்” என்றார்.

பஸ்ஸம்மா சமையலறைக்குள் போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒரு குதி குதித்தாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. அவளுடைய தம்பி காரைத் தருவதாகச் சொன்னான். அவள் தினமும் போய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். மகள் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். பூட்டுக்காரர் வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு பூட்டுச் செய்ய உட்கார்ந்தார். தன்னாலேயே திறக்க முடியாத பூட்டு. செய்வார், கம்பியை விட்டுத் திறப்பார், தலையில் அடித்துக்கொள்வார், பிரித்துப் போடுவார். ஒரு நாள் சாயங்காலம் கம்பியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வியர்வையோடு எழுந்து, “முடியலடி!” என்று கத்தினார். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி முகம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பஸ்ஸம்மா தனியாக அந்தப் படத்தைப் போட்டாள். அருவிக்காக இல்லை, சாலைக்காக. எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அருவி வந்தது. அண்ணன் காரை ஓரம் கட்டினான், கதவைத் திறந்தான், இறங்கினான். அவள் படத்தை நிறுத்தினாள்.

அவன் புல்லில் இறங்கியிருந்தான்.

ஓரம் கட்டினால் ஓட்டுநர் இறங்குவது சாலைப் பக்கம். தினமும் அவள் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துதான் கால் வைப்பாள். இவன் எதையும் பார்க்காமல் நேராகப் புல்லில் கால் வைக்கிறான். ஸ்டியரிங் இருக்கிற பக்கம் மாறவில்லை. கார் ஓடுகிற பக்கம் மாறியிருக்கிறது. எதிரே வந்த லாரியும் மாறித்தான் வந்தது. அவள் படத்தைக் கடைசி எழுத்துகள் வரை ஓட்டினாள். பூங்காவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே, அருவிக் காட்சிக்காக இன்னொரு நாட்டின் வனத்துறைக்கு நன்றி.

வேலை முடிந்து வந்த மகளிடம் சொன்னாள்.

“அய்யோ. நம்ம மூணு பேரும் எத்தனை தடவை பாத்தோம்! அம்மா, சொல்லாத. அங்க போனதும் வத்திப்போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“அந்தத் தண்ணியா? வத்துறதா?”

“அப்ப வேற ஏதாவது அருவியைக் காட்டி இதுதான்னு சொல்லுவோம். அந்த மேஸ்திரி புத்தகத்துல ஏதாவது இருக்கும், எடுத்துட்டு வரேன். அவர் இதுக்காகத்தான் வராரும்மா. தெரிஞ்சா ஷூவைக் கழட்டிட்டு உக்காந்துடுவாரு.”

அது பஸ்ஸம்மாவுக்கும் தெரியும். பேருந்தில் தலைசுற்றும் பிள்ளைகள் கேட்பார்கள், இன்னும் எவ்வளவு தூரம் என்று. தூரமாக இருந்தால் தூரம் என்றுதான் சொல்வாள். இதோ வந்துவிட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் எந்தப் பிள்ளையும் அவளை நம்பாது. வண்டி கிளம்பின பிறகு சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். பாதி வழியில், திரும்ப முடியாத இடத்தில். நினைத்ததுமே வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் சாமான்களை ஏற்றினார்கள். பூட்டுக்காரர் கதவைச் சாத்தி, புதுப் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். அவர் காரில் ஏறுவதற்கு முன் பஸ்ஸம்மா சொல்லிவிட்டாள்.

“என்னங்க, அந்த அருவி அங்க இல்ல.”

“எந்த அருவி?”

“நம்ம அருவி. வேற நாட்ல எடுத்திருக்காங்க. அவன் புல்லுல இறங்கறான்.” பக்கம் மாறியதை விளக்கினாள். கடைசி எழுத்துகளையும் சொன்னாள்.

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வாசல் படியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றவில்லை. அது ஒன்றுதான் நம்பிக்கை.

“கரடி?” என்றார்.

“கரடி நிஜம்.”

“நீ பாத்தியா?”

“போட்டோ இருந்துச்சேங்க.”

“அருவிக்கு சினிமாவே இருந்துச்சு.”

மகள் பின் இருக்கையிலிருந்து மேஸ்திரியின் புத்தகத்தை எடுத்துப் பரபரவென்று புரட்டினாள். அட்டையில் சொம்பின் வட்டம் இருந்தது.

“இருங்கப்பா. இவர் அங்கயே இருந்தவரு. கரடி... இதோ.” வாசலிலேயே நின்று வாசித்தாள். “‘உணவு வைக்க இரும்புப் பெட்டி செய்தோம். கொக்கி போட்டோம், கரடி திறந்தது. நாதாங்கி போட்டோம், திறந்தது. திருகு போட்டோம், அதற்கு மூன்று நாள் ஆயிற்று, திறந்தது. நான்காவதாக எங்கள் கொல்லன் ஒரு தாழ்ப்பாள் செய்தான். சாவி கிடையாது. மனிதர் யாரும் திறக்கலாம். கரடி ஒரு கோடை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. திறக்க முடியவில்லை. அந்தப் பெட்டிகள் இன்றும் முகாம்களில் இருக்கின்றன.’”

“சாவி கிடையாதா?”

“கிடையாதாம்.”

“எப்படிச் செஞ்சானாம்?”

மகள் பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் திருப்பினாள். “அடுத்து ஜல்லிக்குப் போய்ட்டாருப்பா.”

“ஜல்லிக்கா! முட்டாள் மேஸ்திரி!” பூட்டுக்காரர் எழுந்துவிட்டார். “சாவி இல்ல, கரடிக்குத் திறக்காது, மனுஷனுக்குத் திறக்கும். எப்படி முடியும்? உள்ள ஸ்பிரிங்கா? கனமா? கையோட அளவா?” பேசிக்கொண்டே காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். “எடு வண்டியை. என்ன நிக்கற?”

அவள் எடுத்தாள். தெரு முனை தாண்டியதும் கார் தானாக ஓரம் கட்டி நின்றது. தபால் நிலையம்.

“யாரை ஏத்தப் போற?” என்றார் அவர்.

மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்க ரொட்டிக்கடை வரை ஆயிற்று. ஊர் எல்லை வந்தது. சாலை அகலமானது. அவள் நான்காவது கியரைப் போட்டாள். கையில் அது புதிதாக இருந்தது.

வராந்தாப் படத்தில் இருந்த வளைவு சாயங்காலம் வந்தது. மூன்றுக்கு இறங்க வேண்டியிருந்தது. அப்பால் இன்னொரு வளைவு, அதற்கும் அப்பால் வெயிலில் ஒரு பள்ளத்தாக்கு முழுசாகத் திறந்து கிடந்தது. அவள் “ஏய்!” என்று கத்திவிட்டாள். ஹாரனையும் அடித்தாள். யாருக்கென்று தெரியாது.

முகாமில் பெட்டி இருந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்த, இடுப்புயர இரும்புப் பெட்டி. தாழ்ப்பாள் கண்ணில் படவில்லை. அதன் மேல் ஒரு தகட்டு மூடி குடைபோலக் கவிந்திருந்தது. பூட்டுக்காரர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, விரல்களை அடியிலிருந்து மேல்நோக்கி உள்ளே விட்டார். விரல் போகும். கரடியின் பாதம் போகாது. உள்ளே ஒரு நாக்கு. அழுத்தினார். க்ளக்.

“அடப்பாவி! பூட்டே இல்ல. சந்துதான் பூட்டு!” என்றார்.

மூடினார், திறந்தார், மூடினார். பின்னால் பாத்திரங்களோடு நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் விளக்கினார். ஒருவரின் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார்.

“அம்மா, அப்பா பெட்டியை விட்டு வர மாட்டேங்கறாரு” என்று மகள் வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு ஒரு போன் போடச் சொல்வார், நம்ம வாசலைப் பார்த்தாயா என்று கேட்பார் என்று பஸ்ஸம்மா காத்திருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

“இந்த முகாம் காவலாளி சொல்றான், வடக்கு முகாம்ல பழைய பெட்டி ஒண்ணு இருக்காம். மூணாவது மாடல். கரடி மூணு நாள் எடுத்துத் திறந்துச்சே, அது.” வரைபடத்தை அவள் மடியில் வைத்தார். “எவ்வளவு தூரம்?”

“தூரம்தான்,” என்றாள். வண்டியைக் கிளப்பினாள்.