எதிர் வீட்டுக் காக்கைகள்

தானே புயலில் எங்கள் தெரு மரங்கள் பாதி விழுந்துபோன அடுத்த வருஷம்தான் அங்கிருந்த சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். வாசலுக்கு நேர் மேலே மின்கம்பி போனது. காலை ஏழு மணிக்கெல்லாம் இருபது முப்பது காக்கைகள் அதில் வந்து உட்காரும். அவை கலைந்து போகும்போது வாசற்படி, கேட், என் ஸ்கூட்டர் சீட் எல்லாம் எச்சமாக இருக்கும். ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான், என் புடவைத் தோளில் வழிந்திருந்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள்.

என் கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அவர் எழுதிக்கொடுத்த புகாருக்கு ஒரு லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு சார். காக்காவை நாங்க என்ன பண்ண முடியும்? கம்பு கிம்பு வச்சுக் குத்திடாதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

துணி காயும் கொடியில் பழைய சி.டி.க்களைக் கட்டித் தொங்கவிட்டோம். காக்கைகள் இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் சி.டி.க்கள் மேலும் எச்சம்.

எங்கள் வீட்டு வேலைக்குக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஒரு பெண் வருவார். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும் என்று, ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்துத்தான் தேய்ப்பார். காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. எதிர் வூட்டு ஐயா மதில் மேல சோறு வக்கிறாரு. அதுக்குத்தான் இதுங்க நம்ம தலைக்கு மேல குந்திகினு காத்துகினு கெடக்குதுங்க."

எதிர் வீட்டுக்காரர் அப்போது தனியாக இருந்தார். நான் அதுவரை சிரித்ததோடு சரி, பேசியதில்லை. மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். "நெனச்சே பாக்கலைங்க டீச்சர். இது என் வீட்டுக்காரம்மா பழக்கம். ஆபரேஷனுக்காக மதுரையில அவ அண்ணன் வீட்டுல இருக்கா. எதை மறந்தாலும் காக்காவுக்கு வைக்க மறந்துறாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. போன் பண்ணினா முதல்ல, காக்கா வந்துச்சான்னுதான் கேக்குறா."

"பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் சொன்னதைக் கேட்டு வேலைக்கார அக்கா சிரித்தார். "வைக்க வேணான்னு யாரு சொன்னா? தட்ட நவுத்தி வைக்கச் சொல்லுங்க. அவுங்க வூட்டுக்குப் பின்னால ஒயரும் இல்ல, ஆளும் இல்ல."

நான் தயங்குவதைப் பார்த்து அவரே தெருவைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து தட்டு தினமும் நாலடி நகர்ந்தது. முன் மதிலிலிருந்து பக்கச் சுவர், அங்கிருந்து பின்பக்க முருங்கை மரத்தடி. இடையில் ஒருநாள் ஒரு காக்கைகூடச் சோற்றைத் தொடவில்லை. எதிர் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் கேட்டில் நின்று வேலைக்கார அக்காவும் குரல் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எங்கள் கம்பி ஏறக்குறையக் காலியானது. எப்போதாவது ஒரு மைனா வரும், அவ்வளவுதான்.

எதிர் வீட்டு அம்மா மதுரையிலிருந்து வந்த மறுநாள் காலை, தட்டை ஏந்திக்கொண்டு முன் வாசலில் நின்றிருந்தார். வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் முதல் ஷிப்டுக்குப் போயிருக்க வேண்டும், தட்டை நகர்த்தியதை மனைவியிடம் சொல்ல மறந்திருக்கவும் வேண்டும். ஓடிப்போய், நான்தான் காரணம், காக்கைகள் இப்போது பின்பக்கம் வருகின்றன என்று சொன்னேன்.

அவர் தட்டோடு என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கணும். தப்புதான்."

"பின்னாடி வருதுங்களா? வாங்க, காட்டுங்க."

வேகமாக நடக்க முடியவில்லை அவரால். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கச் சந்து வழியாக வந்தார். முருங்கைக் கிளைகளில் காக்கைகள் நிறைந்திருந்தன. அவர் தட்டை வைக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒத்தக் கால் வளைஞ்சது ஒண்ணு இருக்கும். அது வந்துச்சான்னு பாருங்க."

இருவரும் தேடினோம். சுவரின் கோடியில், மற்றவற்றிலிருந்து தள்ளி, அது உட்கார்ந்திருந்தது. அதன் பிறகுதான் தட்டைக் கீழே வைத்தார்.