இருநூற்றுப் பன்னிரண்டு இமேஜ்களின் சொந்தக்காரி

குடிநீர்க் குழாய் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் போனதில்லை. எல்லாருக்கும் அவள் 'கறுப்புத்திரை'. எந்த வேலையானாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டித்தான் செய்வாள். மவுஸை இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியையும் தொலைத்துவிட்டாள். மனிதர்களோடு பேசுவதென்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் அவள் நிம்மதியாக இருந்ததற்குக் காரணமே, கம்ப்யூட்டர் ஒருநாளும் அவளை "அப்புறம், வேறென்ன விசேஷம்?" என்று கேட்காததுதான்.

எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய், எந்த முக்கில் வால்வு என்று காட்டும் வரைபடங்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் அவள் வருஷா வருஷம் இமேஜ் கோப்புகளாக அமுக்கி வைத்திருந்தாள். ஒரு முழு அலமாரியைத் துணிமூட்டை மாதிரி அமுக்கி ஒற்றைக் கோப்பாக்குவதுதான் இமேஜ். இடம் மிச்சம், ஆனால் உள்ளே இருப்பதைப் படிக்கலாமே தவிர மாற்ற முடியாது. அப்படி மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. புது மெஷின் போட வந்த கம்பெனிக்காரர் அவற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த இமேஜெல்லாம் வேணாம் மேடம். டார் கோப்பா மாத்திக் குடுங்க."

டார் என்பது எந்த மெஷினும் பிரிக்கத் தெரிந்த சாதாரணப் பொட்டலம். அது ஒரு பெரிய வேலையே இல்லை. பின்னாலேயே வந்த மேலாளர்தான் தலையில் கல்லைப் போட்டார்.

"இனிமே மெஷினைக் கம்பெனியே பாத்துக்கும். இது முடிஞ்சதும் நீங்க புகார் போனுக்கு வந்துடுங்க."

புகார் போன்! தண்ணீர் வராதவர்களும், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டவர்களும் காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் கத்துகிற இடம்.

இமேஜை நேரடியாக டாராக மாற்ற ஒரு கருவி உண்டு. ஒற்றை வரிக் கட்டளை. இந்தப் பக்கம் இமேஜைக் கொடுத்தால் அந்தப் பக்கம் டார் விழும். ஆனால் நம்மவளுக்குக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஒவ்வொரு இமேஜையும் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, திருப்தியானபின் டாராகக் கட்டினாள். பத்து நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் நிர்வாகிக் கணக்கில் போகாமல் தன் சொந்தக் கணக்கில் நுழைந்தே செய்தாள். கெட்டது அங்கேதான். சாதாரணக் கணக்கிலிருந்து ஒரு இமேஜைப் பிரித்தால், கோப்புகளில் இருக்கும் பழைய சொந்தக்காரர் பெயர் போய், பிரித்தவர் பெயர் ஏறிவிடும். கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தவள், பக்கத்திலிருந்த பெயரைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை புது மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்தரை மணிக்கு அவள் வாசலில் வரிசை நின்றது. தான் எழுதிய கடிதத்தைத் திறக்கப் போன மேலாளருக்கே 'அனுமதி இல்லை' என்று வந்திருந்தது.

"என் கடிதத்துக்கு நான் யார்கிட்டம்மா அனுமதி கேக்கணும்?"

"என்... என்கிட்ட சார்."

கம்பெனிக்காரர் கையை விரித்துவிட்டார். எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "நீங்க கட்டிக் குடுத்ததைத்தான் சார் நாங்க பிரிச்சோம்."

"சரி, இது தீர்ற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க" என்று மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு புது நாற்காலியும் வந்தது.

தப்பு எங்கே நடந்தது என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பழைய மெஷினில் இமேஜ்கள் அப்படியே இருந்தன. அந்த ஒற்றை வரியைத் தட்டினால் எல்லார் பெயரும் திரும்பி வந்துவிடும். வெள்ளிக்கிழமை பழைய மெஷினில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எடுத்துப்போகிறார்கள். அதற்குப்பின் யார் தலைகீழாக நின்றாலும் முடியாது.

வீட்டில், தையல்காரரான கணவரிடம் சொன்னாள். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வாயை மூடிக்கிட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே!"

இருந்தாள். செவ்வாயும் புதனும் ராஜபோகம். கோப்பைத் திறந்துவிடச் சொல்லி ஆள்மாற்றி ஆள் வந்து குழைந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைப் பார்த்து "அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மாடியிலிருந்து வரைபடக்காரர் இறங்கி வந்தார். முப்பது வருஷமாகக் குழாய் வரைகிறவர், அதிர்ந்து பேசாதவர்.

"வடக்குத் தெரு வால்வு படம் நான் போட்டதும்மா. மழையில நின்னு அளந்தேன். இப்ப பாத்தா உங்க பேரு இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "திறக்க முடியலேன்னு சொல்ல வரல. நேத்து நீங்க திறந்துவிட்டதிலேர்ந்து திறக்குது. பேருதான்..."

அவளுக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. அவர் படியேறியதும் பழைய மெஷின் முன் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டினாள். நாற்பது நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டும் டாராக விழுந்தன. இந்த முறை பெயர்களைப் பார்த்தாள்: வரைபடக்காரர், மேலாளர், செத்துப்போன பழைய இன்ஜினியர். ஓர் ஆசையில் தன் பெயரையும் தேடினாள். ஒரே ஒரு கோப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் தட்டியது: 'இந்த அறைக்குள் டீ கொண்டு வராதீர்கள்.'

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புது டார்களைக் கம்பெனிக்காரரிடம் கொடுத்துவிட்டு மேலாளரிடம் போய், தப்பு தன்னுடையது, திங்கட்கிழமையே தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அப்ப நாளன்னிக்கு... இல்ல, திங்கட்கிழமை போனுக்கு வந்துடுங்க."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் மணி அடித்தது. எடுத்தாள்.

"நான்தாம்மா, மாடியிலேர்ந்து பேசறேன்" என்றார் வரைபடக்காரர். "என் பேரு வந்துடுச்சு. எல்லாப் படத்துலயும் வந்துடுச்சு."

இரண்டாவது லைன் அடிக்க ஆரம்பித்தது.

"புகார் ஏதாவது இருக்கா சார்?"

"புகாரா? ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப வெச்சிடுங்க. அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.